அணைந்து கிடந்த கம்ப்யூட்டரிலிருந்து திறந்த வரைபடம்

போன வாரம் சதீஷ் போன் செய்தான். நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த அம்பத்தூர் கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனியில் இப்போது இருப்பவன். ஐயப்பன்தாங்கலில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் நின்றுகொண்டு பேசினான்.

"அண்ணா, ரெண்டு சிஸ்டமும் ஒன்னையொன்னு பாக்குது. பிங் போட்டுப் பார்த்தா பதில் வருது. ஃபோல்டரைத் தொட்டா மட்டும் பாஸ்வேர்ட் கேக்குது. முன்னாடி கேக்கவே கேக்காதாம்."

"சமீபத்துல அப்டேட் ஏதாவது ஆச்சா?"

"ஆச்சுண்ணா."

"பேர் சொல்லாம வர்றவங்களை உள்ளே விடறதை நிறுத்தியிருக்கும். ஃபோல்டர் இருக்கிற சிஸ்டத்துல ஒரு பேரும் பாஸ்வேர்டும் உண்டாக்கு. மத்தவங்க அந்தப் பேருல உள்ளே போகட்டும். பழையபடி எல்லாருக்கும் தொறந்து விட்டுட்டு மட்டும் வந்துடாதே."

வேலை முடிந்ததும் நன்றி சொல்ல மறுபடி கூப்பிட்டவன், "அண்ணா, நீங்க பிலோமினா மேடம் கூடவே இருந்தவராமே. அந்த வால்வு கம்பெனி விஷயம் நிஜமா என்ன நடந்துச்சு? இங்க ஆளுக்கொரு மாதிரி சொல்றாங்க" என்றான். ஒருவன் அதை வைரஸ் கதையாக்கியிருக்கிறான். இன்னொருவன் மேடம் அந்தக் கம்பெனி மேனேஜரைக் கூட்டத்தில் வைத்துக் கிழித்துவிட்டதாகச் சொல்கிறானாம். இரண்டும் இல்லை. அன்று அந்த இடத்தில் நான் இருந்தேன். அதனால் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் வளர்ந்தது குவார்ட்டர்ஸில். ஐ.டி.ஐ. முடித்து, தொலைபேசிக் கம்பி இழுக்கும் காண்டிராக்டர் ஒருவரிடம் பல வருடங்கள் இருந்தேன். பிறகு அலுவலகங்களுக்குள் நெட்வொர்க் கம்பி இழுக்கும் வேலை வந்தது. கம்பியின் இரு முனையிலும் கம்ப்யூட்டர் இருந்ததால் மெல்ல மெல்ல அதையும் கற்றுக்கொண்டேன். மாலை நேர வகுப்பு ஒன்றில் சேர்ந்து சான்றிதழும் வாங்கினேன். நாற்பதை நெருங்கும் வயதில் அம்பத்தூர் கம்பெனிக்கு நேர்காணலுக்குப் போனபோது எதிரே உட்கார்ந்திருந்தவர் என்னைவிட வயதில் நன்றாகவே இளையவர். அவர்தான் பிலோமினா, சர்வீஸ் பிரிவின் தலைவர். காட்டன் புடவை, மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் அகலமான கடிகாரம், மேஜை மேல் ஹெல்மெட்.

என் சான்றிதழ்களை அவர் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ரெண்டு கம்ப்யூட்டர். ஒன்னுல இருக்கிற ஃபோல்டர் இன்னொன்னுல தொறக்கல. நீங்க போறீங்க. முதல்ல என்ன செய்வீங்க?"

"கம்பி சரியா செருகியிருக்கான்னு பார்ப்பேன் மேடம்."

"அதுக்கும் முன்னாடி?"

"சிஸ்டம் ஆன்ல இருக்கான்னு பார்ப்பேன்."

"அதுக்கும் முன்னாடி?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அங்க உட்கார்ந்து வேலை செய்யறவங்களைக் கேக்கணும். நாள் பூரா அதோட இருக்கிறவங்க அவங்கதான். திங்கக்கிழமை வந்துடுங்க, சேகர் அண்ணா" என்றார். அன்றிலிருந்து கடைசி நாள்வரை நான் அவருக்கு சேகர் அண்ணா. அவர் எனக்கு மேடம்.

கேட்பது என்றால் அவர் வெறுமனே கேட்கமாட்டார். வாடிக்கையாளரின் நாற்காலியில் உட்காரமாட்டார். பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போடச் சொல்லி உட்கார்ந்து, "நீங்க தினமும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்யுங்க. எனக்காக எதையும் மாத்தாதீங்க" என்பார். யாராவது பார்க்கிறார்கள் என்றாலே மனிதர்கள் ஒழுங்காகச் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் இரண்டு முறை செய்யச் சொல்வார். இரண்டாவது முறைதான் பழக்கம் வெளியே வரும். அதுவரை அவர் கை மடியில்தான் இருக்கும்.

அதன்பிறகுதான் எங்கள் வேலை. கம்ப்யூட்டரின் பின்னால் கம்பி நுழையும் இடத்தில் விளக்கு எரிகிறதா. இரண்டும் ஒரே நெட்வொர்க்கில்தான் இருக்கின்றனவா. எண் முகவரியைக் கூப்பிட்டால் பதில் வருகிறதா, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் வருகிறதா. எண்ணுக்கு வந்து பெயருக்கு வராவிட்டால் கோளாறு ஓர் இடம், இரண்டுக்கும் வராவிட்டால் வேறு இடம். அப்புறம் அனுமதி. அதில் எப்போதும் இரண்டு கதவு உண்டு. ஷேர் செய்யும்போது கொடுக்கும் அனுமதி வாசல் கதவு, ஃபோல்டருக்கே உள்ள அனுமதி அறைக் கதவு. வாசலைத் திறந்துவிட்டு அறையைப் பூட்டி வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொள்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவர் ஒன்றை விடாமல் சொல்வார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. அதனால் பலன் இல்லையென்றால் அடுத்ததைத் தொடுவதற்கு முன் பழையபடி வைத்துவிடு. "தற்காலிகமாப் போட்டதை எடுக்காம வந்தா, அது நாம வச்சிட்டு வந்த கோளாறு" என்பார்.

அவரோடு போன ஆரம்பகால வேலைகளில் ஒன்று இன்றும் மனதில் இருக்கிறது. சென்னீர்குப்பத்தில் ஒரு அச்சகம். டிசைன் செய்யும் கம்ப்யூட்டரிலிருந்து அச்சடிக்கும் பிளேட் எடுக்கும் கம்ப்யூட்டருக்கு ஃபைல் போகவில்லை. முதலாளிக்கு மறுநாள் ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுத்தாக வேண்டும். நாங்கள் நுழைந்ததும் கத்த ஆரம்பித்தார்.

"ரெண்டுத்துலயும் இன்டர்நெட் சூப்பரா வருது. இது மட்டும் இன்னாத்துக்கு வராது? நீங்க போன தடவை வந்து இன்னாத்தையோ நோண்டிட்டுப் போயிட்டீங்க!"

மேடம் அவர் முடிக்கும்வரை கேட்டார். பிறகு டிசைனர் பக்கத்தில் உட்கார்ந்து வழக்கம்போல இரண்டு முறை பார்த்தார். எழுந்து போய், பிளேட் கம்ப்யூட்டரில் எந்த வைஃபை என்று பார்த்தார். வேறு பெயர். முதலாளியின் மாப்பிள்ளை புதிதாக ஒரு வைஃபை பெட்டி வாங்கி மாட்டியிருந்தார். டிசைன் கம்ப்யூட்டர் பழைய இணைப்பில், பிளேட் கம்ப்யூட்டர் புதிய பெட்டியில். இரண்டுக்கும் இன்டர்நெட் வரும். ஆனால் ஒன்றுக்கொன்று முகம் தெரியாது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு இடையில் சுவர் எழுப்பிக்கொண்ட மாதிரி.

மாப்பிள்ளை வாசலிலேயே நின்றிருந்தார். மாமனார் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் முகம் சுருங்கிவிட்டது. மேடம் உடனே, "நல்ல பெட்டிதான் வாங்கியிருக்கார் சார். பழையதைவிட வேகமானது. ரெண்டு சிஸ்டத்தையும் இதுலயே போட்டுடலாம், வேலை இன்னும் சீக்கிரம் நடக்கும்" என்றார். அப்படியே செய்தோம். முதலாளி காபி வரவழைத்தார். மாப்பிள்ளைதான் கொண்டுவந்து கொடுத்தார்.

திரும்பும்போது மேடத்தின் ஸ்கூட்டர் பின்னால் என் பைக்கில் வந்துகொண்டே யோசித்தேன். கோளாறைக் கண்டுபிடிக்க எனக்கும் தெரியும், கொஞ்சம் நேரம் கூடுதலாக ஆகலாம். ஆனால் கண்டுபிடித்த பிறகு அதை யார் தலையிலும் போடாமல் வெளியே வருவது எனக்குத் தெரியாது. அந்த வேலையை அவர்தான் செய்தார்.

இனி அந்த வால்வு கம்பெனி.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நடுத்தரமான தொழிற்சாலை. வால்வுகளுக்குள் உட்காரும் உலோகப் பாகங்களைக் கடைந்து கொடுப்பார்கள். எங்கள் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று. மாடியில் டிசைன் அறை, கீழே ஷெட்டில் மெஷின்கள். ஹேமலதா என்ற டிசைனரின் கம்ப்யூட்டரில் வரைபடங்கள் இருக்கும். ஷெட்டில் மெஷின் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில் அந்த ஃபோல்டரைத் திறந்து, அளவைப் பார்த்து மெஷினை ஓட்டுவார்கள். பழைய வரைபடங்களை ஹேமலதா அப்புறப்படுத்திவிடுவார். ஃபோல்டரில் எப்போதும் கடைசியாகத் திருத்தியது மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். இன்னொரு சட்டம், வரைபடத்தை யாரும் தன் கம்ப்யூட்டரில் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது.

மேனேஜர் ராமநாதன் மேடத்தைக் கூப்பிட்டார். நானும் உடன் போனேன். அமைதியான மனிதர். நாற்காலியைக் காட்டிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பெரிய வேலை ஒன்னும் இல்ல மேடம். மாடிக்கும் ஷெட்டுக்கும் ஷேரிங் ஒழுங்கா இருக்குன்னு உங்க லெட்டர்ஹெட்ல ஒரு லெட்டர் வேணும். திங்கக்கிழமை ஒரு என்கொயரி வச்சிருக்கோம்."

"யாருக்கு சார்?"

"தேவராஜுன்னு ஒரு ஆபரேட்டர். ரொம்ப வருஷமா இருக்கிறவன். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

நடந்தது இதுதான். ஒரு பித்தளை வளையத்தின் உள் விட்டத்தை வாடிக்கையாளர் மாற்றச் சொல்லியிருந்தார். தேவராஜ் வேலை முடிந்து, தன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகு, மாலையில் ஹேமலதா வரைபடத்தைத் திருத்திச் சேமித்தார். அன்றிரவு மழை, மின்வெட்டு. டிசைன் அறை யூ.பி.எஸ். தீர்ந்து ஹேமலதாவின் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. விடிந்து மின்சாரம் வந்ததும் காலை ஷிப்டுக்கு வந்த தேவராஜ், வரைபடத்தைத் திறந்து வளையங்களைக் கடைய ஆரம்பித்தார். ஹேமலதா வந்து தன் கம்ப்யூட்டரைப் போட்டபோது கீழே வேலை பாதி முடிந்திருந்தது. மதியம் சோதனையில் பார்த்தால் அத்தனையும் பழைய அளவு. மொத்தமும் கழிவுக்குப் போனது. வாடிக்கையாளர் கோபத்தில் ஆர்டரையே நிறுத்திவிடுவேன் என்றார்.

"ஃபோல்டர்லேர்ந்துதான் தொறந்தேன்னு சாதிக்கிறான் மேடம்" என்றார் ராமநாதன். "அவன் தொறந்த நேரத்துல ஹேமலதா சிஸ்டமே ஆஃப். ஆஃபா இருக்கிற சிஸ்டத்துலேர்ந்து எப்படித் தொறக்க முடியும்? தனியா ஒரு காப்பி வச்சிருந்து, அதைத் தொறந்திருக்கான். அப்புறம் அழிச்சிட்டான். தப்புப் பண்ணினது கூடப் பெரிசில்ல. மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொல்றான் பாருங்க, அதான் தாங்க முடியல."

அவர் சொன்னதில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை. இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவில் ஷேரிங் என்றால், ஃபோல்டர் இருக்கிற கம்ப்யூட்டர் உயிரோடு இருக்க வேண்டும். இது பாலபாடம்.

நாங்கள் எல்லாவற்றையும் சோதித்தோம். விளக்கு எரிந்தது. எண்ணுக்குப் பதில், பெயருக்குப் பதில். இரண்டு கதவும் திறந்திருந்தன. மாடியிலிருந்து ஃபைலை மாற்றினால் கீழே உடனே மாறியது. பெரிய ஃபைல், சின்ன ஃபைல், எல்லாம் தடையில்லாமல் போயின. கடிதம் எழுதிவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். மேடம், "தேவராஜ் எங்க இருக்கார்?" என்றார்.

மெஷின் பக்கம் வரக் கூடாது என்று அவரை பேக்கிங் பகுதியில் போட்டிருந்தார்கள். அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, கட்டுமஸ்தான ஆள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மேடம் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"உட்காருங்க தேவராஜ். நான் கம்ப்யூட்டர் பார்க்க வந்திருக்கேன்."

"இன்னா மேடம் சொல்லச் சொல்றீங்க? ஃபோல்டர்லேர்ந்துதான் தொறந்தேன். கேக்கறவங்களுக்கெல்லாம் இதையேதான் சொல்லிகினு கீறேன். ஒருத்தரும் நம்பல."

"வேற எங்கயாவது காப்பி வச்சிருந்தீங்களா?"

"எனக்கு காப்பி எடுக்கவே தெரியாது மேடம். அந்த ஐகானை ரெண்டு தட்டு தட்டுவேன், தொறக்கும். அவ்ளோதான் நம்ம படிப்பு." டேப்பை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "ஆனா ஒன்னு மேடம். கேட்டுக் கேட்டு எனக்கே டவுட் வந்துட்ச்சு. சிஸ்டம் ஆஃபா இருந்தா தொறக்காதுன்னு எல்லாம் படிச்சவங்க சொல்றாங்க. அப்போ நான் இன்னாத்தத் தொறந்தேன்? நாந்தான் மறந்துட்டனா? ஊட்ல சொல்றா, 'தப்புதான், மன்னிச்சுக்கோங்கன்னு எழுதிக் குடுத்துட்டு வேலையக் காப்பாத்திக்கோ'ன்னு. பொண்ணுக்கு வேற இப்பதான் காலேஜ் சேர்த்துக்கீறேன். எழுதிக் குடுத்துரலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

மேடம் எழுந்தார்.

"திங்கக்கிழமைதானே கேக்கறாங்க? அதுவரைக்கும் எதுவும் எழுதாதீங்க. இப்ப வந்து ஒரு தடவை எனக்குச் செஞ்சு காட்டுங்க. அன்னிக்குச் செஞ்ச மாதிரியே."

ராமநாதன் அனுமதித்தார். அவரும் ஷெட்டுக்கு வந்து நின்றார். மற்ற ஆபரேட்டர்கள் மெஷினைப் பார்ப்பதுபோல பாவனை செய்துகொண்டு எங்களைப் பார்த்தார்கள். தேவராஜ் தன் ஸ்டூலில் உட்கார்ந்து ஐகானை இரண்டு தட்டுத் தட்டினார். ஃபோல்டர் திறந்தது. வரைபடமும் திறந்தது. புதிய அளவு.

"பார்த்தீங்களா?" என்றார் ராமநாதன். குரலில் வெற்றி இல்லை, அலுப்புதான் இருந்தது.

"இது அன்னிக்கு மாதிரி இல்லையே சார்" என்றார் மேடம். "அன்னிக்கு மாடியில சிஸ்டம் ஆஃப்ல இருந்துது."

"அதைத்தானே நானும் சொல்றேன்? ஆஃபா இருந்தா தொறக்காதே!"

"தொறக்காதுன்னுதான் நானும் நினைக்கிறேன். ஆனா நினைக்கிறதை நான் லெட்டர்ல எழுத முடியாது சார். பார்த்துடலாமே. அஞ்சு நிமிஷ வேலை."

என்னை மாடிக்கு அனுப்பினார். போனை அணைக்காமல் காதில் வைத்துக்கொண்டு ஹேமலதாவின் மேஜைக்குப் போனேன். மேடம் சொன்னபடி, ஹேமலதா சோதனைக்கென்று ஒரு வரைபடம் போட்டார். நடுவில் ஒரு வட்டம், வேறொன்றுமில்லை. சேமித்தார். கீழே தேவராஜ் அதைத் திறந்து பார்த்தார், வட்டம் தெரிந்தது, மூடினார். பிறகு நான் குனிந்து ஹேமலதாவின் கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க் கம்பியை உருவினேன். இனி அந்தக் கம்ப்யூட்டருக்கும் கீழே இருப்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஹேமலதா வட்டத்தை அழித்துவிட்டு ஒரு சதுரம் போட்டுச் சேமித்தார்.

"உருவிட்டேன் மேடம்" என்றேன்.

"தேவராஜ், தொறங்க" என்று போனில் கேட்டது.

கம்ப்ரஸர் ஓடும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஹேமலதா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பி என் கையில் தொங்கியது. ஃபோல்டர் கிடைக்கவில்லை என்று திரை சொல்லும், மேடம் பெருமூச்சு விடுவார், நாங்கள் கடிதம் எழுதுவோம். அதற்காகத்தான் காத்திருந்தேன்.

"தொறக்குது!" தேவராஜின் குரல் போனைக் கிழித்தது. "மேடம், தொறக்குது மேடம்! வட்டம் வருது!"

நான் கம்பியைத் தரையில் போட்டுவிட்டுப் படியில் இறங்கி ஓடினேன். ஷெட்டில் எல்லா ஆபரேட்டர்களும் அந்தத் திரையைச் சுற்றி நின்றார்கள். மாடியில் சதுரமாகிவிட்ட படம் கீழே வட்டமாகவே இருந்தது. அதே ஃபோல்டர், அதே பெயர், மேலே அதே முகவரி. சந்தேகம் தீர ஹேமலதாவின் கம்ப்யூட்டரையே அணைக்கச் சொன்னார் மேடம். அப்போதும் திறந்தது. அப்போதும் வட்டம்.

ராமநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "இது எப்படி?" என்றார்.

மேடம் முதல்முறையாக மவுஸைக் கையில் எடுத்தார். இரண்டு மூன்று திரைகளைத் தாண்டி ஓரிடத்துக்குப் போனார். அங்கே 'ஆஃப்லைன் ஃபைல்ஸ்' என்ற வசதி உயிரோடு இருந்தது. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அது மற்ற கம்ப்யூட்டரின் ஃபோல்டரை இங்கே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். இணைப்பு அறுந்தால் சத்தமில்லாமல் அந்த நகலைக் காட்டும். உபயோகிப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. இணைப்பு திரும்பியதும் நகலையும் புதுப்பித்துவிடும். அதனால்தான் ஹேமலதா கம்ப்யூட்டரைப் போட்ட பிறகு யார் வந்து பார்த்தாலும் புதிய அளவு தெரிந்தது. அந்த ஒரு காலைப் பொழுதில் மட்டும் தேவராஜின் திரையில் முந்தைய நாளின் வரைபடம் இருந்தது. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். யாரோ தேவராஜின் தோளைத் தட்டினார்கள். நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மவுஸ் மேல் இருந்த கை அசையவில்லை. முகத்தில் ரத்தம் வற்றிப்போனதுபோல இருந்தது. உடம்புக்கு ஏதோ செய்கிறது என்று நினைத்து, "மேடம், தண்ணி வேணுமா?" என்றேன்.

அவர் எழுந்து நின்றார்.

"சார், இதைப் போட்டது நான்தான்."

ராமநாதனுக்குப் புரியவில்லை.

"சில வருஷம் முன்னாடி மழையில மாடிக்கும் ஷெட்டுக்கும் நடுவுல இருந்த கம்பி கெட்டுப்போச்சே, ஞாபகம் இருக்கா? விட்டு விட்டு வந்துது. மெஷின் நிக்கக் கூடாதுன்னு நான்தான் வந்து இதைப் போட்டேன். புதுக் கம்பி வந்ததும் எடுத்துடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நான் பிரசவ லீவுல போயிட்டேன். கம்பி வந்துது, எல்லாம் சரியாச்சு. இது அப்படியே நின்னுபோச்சு. போட்டதைத் திருப்பி எடுக்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்றவ நான்."

எனக்குத்தான் பயம் வந்தது. இதை யாரும் கேட்கவில்லை. யார் போட்டது என்று அந்தத் திரையில் எழுதியும் இல்லை. எங்கள் கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர் எதிரில் நிற்கிறார்.

மேடம் தேவராஜ் பக்கம் திரும்பினார்.

"உங்களை இத்தனை நாள் பொய்யன்னு சொன்னாங்க. அது என்னால வந்தது. என்னை மன்னிச்சுடுங்க."

தேவராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கு வேறொன்று கேட்க வேண்டியிருந்தது. "மேடம், ஃபோல்டர் தொறக்குதுன்னு காட்டினதோட என் வேலை தப்பிச்சுச்சு. அதுக்கு மேல நீங்க இதைச் சொல்லாட்டியும் ஒன்னும் ஆயிருக்காது. இன்னாத்துக்கு சொன்னீங்க?"

"சொல்லலைன்னா அடுத்தது யார் போட்டதுன்னு தேடுவாங்க தேவராஜ். மாடியில ஹேமலதாவைக் கேப்பாங்க. அந்தப் பொண்ணும் 'நான் இல்ல, நான் இல்ல'ன்னு சொல்லிக்கிட்டு நிக்கும்."

மாடிப்படியில் இறங்கி வந்து கூட்டத்தின் பின்னால் நின்றிருந்த ஹேமலதா அதைக் கேட்டார். நாங்கள் கிளம்பும்போது கேட்வரை வந்து மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ராமநாதன் பற்றியும் சொல்ல வேண்டும். அவரை இளையவர்கள் வில்லனாக்கிவிட்டார்கள் என்பதால் சொல்கிறேன். அவர் அங்கேயே, எல்லா ஆபரேட்டர்கள் எதிரிலும், தேவராஜிடம் போய், "நான் உன்னை நம்பியிருக்கணும்பா" என்றார். "போ, மெஷின்ல உட்காரு. பெட்டியெல்லாம் வேற யாராவது ஒட்டட்டும்." மேனேஜர் பதவியில் இருப்பவர் ஷெட்டின் நடுவில் நின்று இப்படிச் சொல்வதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மேடம் எழுதிக் கொடுத்த கடிதத்தில் என்ன நடந்தது, யார் செய்தது என்று அவர் பெயருடன் இருந்தது. அந்த வசதியை நான் எடுத்தேன். டிசைன் அறை கம்ப்யூட்டரை மறுபடி அணைத்து, ஷெட்டில் ஃபோல்டர் திறக்கவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் வெளியே வந்தோம்.

தொழிற்பேட்டை முனையில் டீக்கடையில் நிறுத்தினோம். மேடம் டம்ளரைக் கையில் வாங்கினார்.

"அந்த மனுஷன் மன்னிப்பு எழுதிக் குடுக்க இருந்தார், சேகர் அண்ணா. செய்யாத தப்புக்கு. நாம ஒரு நாள் தள்ளி வந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"வந்துட்டோமில்ல மேடம்" என்றேன்.

எங்கள் முதலாளி கொதித்துப்போனார். "வாயைத் திறக்காம வந்திருந்தா யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். மேடம் ராஜினாமா செய்யவும் தயாராகத்தான் அவர் அறைக்குப் போனார். முதலாளி ராஜினாமா கேட்கவில்லை. ஆனால் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வருட ஒப்பந்தம் முடிந்ததும் வால்வு கம்பெனி வேறு ஒரு சர்வீஸ் கம்பெனிக்கு மாறிவிட்டது. அவர்களுடைய மேலிடத்தின் முடிவு. ராமநாதனால் தடுக்க முடியவில்லை. மேடம் அதைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. அந்த வருடம் எங்களிடம் இருந்த எல்லா இடங்களுக்கும் எங்களை அனுப்பி, தற்காலிகமாகப் போட்டு எடுக்காமல் விட்டது ஏதாவது இருக்கிறதா என்று தேடச் சொன்னார். திருவேற்காட்டில் ஒன்று, செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் ஒன்று கிடைத்தன. அவற்றைப் போட்டது யார் என்று அவர் கேட்கவே இல்லை.

அடுத்த வருடம் ஒரு காலை ராமநாதனே எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். முன்னறிவிப்பு இல்லை. முதலாளி பதறி எழுந்து நாற்காலியை நகர்த்தினார்.

"எங்க வேலையைத் திரும்ப நீங்களே எடுத்துக்குங்க. மேலிடத்துலயும் பேசிட்டேன்" என்றார் ராமநாதன். "புதுசா வந்தவங்க திறமையானவங்கதான். ஆனா எது நின்னாலும், வந்து பார்த்துட்டு, 'எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார்'னு சொல்லிட்டுப் போயிடறாங்க. எல்லார் பக்கமும் சரியா இருக்கு. வேலை மட்டும் நடக்கல. பிலோமினா மேடத்தை அனுப்புங்க."

முதலாளி மேடத்தைப் பார்த்தார். அறையில் இருந்த நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

"வர்றேன் சார்" என்றார் மேடம். "ஆனா ஒரு விஷயம். இனிமே அங்க ஏதாவது தப்பு நடந்தா, ஒரு ஆளை என்கொயரிக்குக் கூப்பிடறதுக்கு முன்னாடி எங்களைக் கூப்பிடணும். அப்புறம் கூப்பிடக் கூடாது. அதை ஒப்பந்தத்துலயே எழுதணும்."

ராமநாதன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, "எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்" என்றார்.